அணைக்கப் பிறந்த ஒயர்

எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானி வீட்டுக்குப் போய்விட்டார். ஹேங்கரில் அந்த இரண்டு இருக்கை விமானம் தனியாக நிற்கிறது. பேட்டரியைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது யாரோ ஒருவர் தூசு துடைக்க வந்து, புரொப்பெல்லரைக் கையால் கால் சுற்று தள்ளுகிறார். என்ன ஆகும்?

எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் போதும். ஒரே ஒரு சிலிண்டர் ஒரே ஒரு தடவை வெடித்தாலும் அந்தப் புரொப்பெல்லர் கையையோ தலையையோ வெட்டிவிட்டுத்தான் நிற்கும்.

அப்படி ஆகாமல் காப்பது, மேக்னெட்டோவிலிருந்து சுவிட்ச் வரை ஓடும் சில அடி நீள ஒயர் ஒன்று. எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ என்பதால் இந்த ஒயரும் இரண்டு. பிரைமரி லீட் என்பதன் முதலெழுத்தை எடுத்துக்கொண்டு பி-லீட் என்கிறார்கள். விமானத்தில் மற்ற ஒயர்களெல்லாம் எதையாவது ஓட வைக்கின்றன: ரேடியோவை, விளக்கை, ஸ்டார்ட்டரை. இந்த ஒயரின் வேலை அணைப்பது மட்டும்தான். அது அறுந்தால் எதுவும் நிற்காது, எந்த விளக்கும் எரியாது, எஞ்சின் வழக்கம்போலவே ஓடும். அதனால்தான் இதன் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மேக்னெட்டோ வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் கேட்காத கருவி. உள்ளே ஒரு காந்தம் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. அதை ஒட்டி, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய ஒரு மையம். அதன்மேல் தடித்த செம்புக் கம்பி ஏறத்தாழ 200 சுற்று, இது பிரைமரி. அதற்கும் மேலே தலைமுடி போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று, இது செகண்டரி. காந்தம் சுழலும்போது பிரைமரியில் மின்னோட்டம் எழும். நம் ஊர் மெக்கானிக்குகள் பிளாட்டினம் பாயிண்ட் என்று சொல்கிற சின்னத் தொடுமுனைகள் அந்தச் சுற்றை மூடி வைத்திருக்கும். சரியான நேரத்தில் ஒரு கேம் வந்து பாயிண்டைத் திறக்கும். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று அறும், கூடவே காந்தப்புலமும் சரியும். அந்தச் சரிவில் செகண்டரியில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவும். நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது ஒவ்வொரு மேக்னெட்டோவும் நொடிக்கு 80 முறை இதைச் செய்கிறது.

மின்னோட்டம் அறுந்தால்தான் பொறி. பாயிண்ட் திறக்கும் நேரத்தில் அந்த மின்னோட்டம் வேறு வழியாக எர்த்துக்குப் போய்விட முடிந்தால், எதுவும் அறுபடாது, பொறியும் வராது. அந்த வேறு வழிதான் பி-லீட். சுவிட்சை ஆஃப் பக்கம் வைத்தால் அது பி-லீட்டை எர்த்தோடு சேர்க்கிறது. ஆன் பக்கம் வைத்தால் பிரித்துவிடுகிறது. வீட்டுச் சுவிட்சில் நாம் பழகியதற்கு நேர் எதிர். இங்கே சேர்ந்தால் அணைவு, பிரிந்தால் உயிர்.

பழைய பாயிண்ட் வைத்த மொபெட் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சாவியை எடுத்த பிறகும் வண்டி நிற்காமல் ஓடுகிறது என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், ஹேண்டில்பாருக்கு வரும் ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்றுதான் மெக்கானிக் முதலில் பார்ப்பார். அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டால் சாவியே இல்லாமல் வண்டி கிளம்பும் என்பது திருடர்களுக்கும் தெரியும். விமானத்திலும் அதே கணக்குதான், தவறுக்குக் கொடுக்கும் விலை மட்டும் பெரிது.

மேக்னெட்டோ பிறந்தது வானத்துக்காக இல்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷ் 1886-ல் ஒரு பட்டறை தொடங்கினார். மறுவருடம் ஒரு வாடிக்கையாளருக்காக, ஒரே இடத்தில் நின்று ஓடும் எஞ்சின் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்து கொடுத்தார். 1897-ல் அவருடைய பட்டறை அதை டி டியோன் பூட்டோன் என்ற மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பொருத்தியது. 1902-ல் அங்கே பொறியாளராக இருந்த காட்லோப் ஹோனால்ட், உயர் வோல்ட் மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் ஒரு ஜோடியாகச் செய்து முடித்தார். இன்றும் போஷ் பொருட்களின் மேல் வட்டத்துக்குள் ஓர் உருவம் இருக்கும். மேக்னெட்டோவின் ஆர்மச்சர்தான் அது. 1918-ல் அதை வரைந்தவரும் ஹோனால்ட்.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் இருந்தது இதைவிடப் பழைய முறை. ஃப்ளைவீலில் உரசிச் சுழலும் ஒரு குறைந்த வோல்ட் மேக்னெட்டோ, பிளக் கிடையாது, சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் தொட்டுப் பிரியும்போது பொறி வரும். கிளப்புவதற்கு மட்டும் உலர் பேட்டரிகளும் ஒரு காயிலும். எஞ்சின் பிடித்ததும் அவற்றைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிட்டார்கள். பறக்கும் எஞ்சின் தன் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் முதல் விமானத்திலேயே இருந்திருக்கிறது. பாரம் ஒரு காரணம். ஆகாயத்தில் பேட்டரியை நம்ப முடியாது என்பது இன்னொரு காரணம், அது பின்னால் இன்னும் பெரிதானது.

அணைக்கும் ஒயருக்கு முதன்முதலில் கை நிறைய வேலை வந்தது முதல் உலகப்போரில். அப்போது நோம், ல ரோன் போன்ற ரோட்டரி எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும். வேகத்தை நயமாகக் கூட்டிக் குறைக்க வசதி இல்லை. இறங்கும்போது என்ன செய்வது? கைப்பிடிக் கம்பின் உச்சியில் ஒரு பித்தான் இருக்கும். விமானி அதை அழுத்தினால் மேக்னெட்டோ எர்த் ஆகும், பொறி நின்றுவிடும். எடுத்தால் எஞ்சின் மறுபடி பிடிக்கும். அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்துத்தான் சாப்வித் கேமல் போன்ற விமானங்களைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். ஓடுபாதையின் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும் அந்த விட்டு விட்டு வரும் உறுமல், ஓர் ஒயர் எர்த்தைத் தொட்டும் பிரிந்தும் எழுப்பிய சத்தம்.

கையால் புரொப்பெல்லரைச் சுழற்றிக் கிளப்பிய காலத்தின் சடங்கும் இந்த ஒயரைச் சுற்றியதுதான். முன்னால் நிற்பவர் “சுவிட்ச் ஆஃப்” என்பார். உள்ளே இருப்பவர் சரிபார்த்து அதையே திருப்பிச் சொல்வார். புரொப்பெல்லரை இழுத்துச் சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் ஆவியை வரவழைத்த பிறகு முன்னால் நிற்பவர் “கான்டாக்ட்” என்று கூவுவார். உள்ளிருந்தும் “கான்டாக்ட்” என்று பதில் வந்த பிறகே சுவிட்ச் ஆன் ஆகும். அந்தச் சொல்லுக்குத் தொடர்பு என்று பொருள். ஆனால் அந்தக் கூவலின்போது மேக்னெட்டோ சுவிட்சுக்குள் நடப்பது தொடர்பு விடுபடுவது. இருவரும் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஒழுங்கு எத்தனையோ கைகளைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்த கட்டம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். ஸ்விட்சர்லாந்தின் சோலோத்தர்ன் நகரில் சின்டில்லா என்ற நிறுவனம் மேக்னெட்டோ செய்துகொண்டிருந்தது. லத்தீனில் அந்தப் பெயருக்குப் பொறி என்றுதான் அர்த்தம். 1925-ல் அதன் அமெரிக்கக் கிளை நியூயார்க் மாநிலத்தின் சிட்னி என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. 1927 மே மாதம் சார்ல்ஸ் லிண்ட்பெர்க் முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்து பாரிஸில் இறங்கினாரே, அவருடைய ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினில் இருந்தவை சின்டில்லா மேக்னெட்டோக்கள், இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்று கொண்டுபோய்ச் சேர்க்கும். 1929-ல் அந்த அமெரிக்கக் கிளையை பெண்டிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அந்தப் பெயரில் வந்த மேக்னெட்டோக்களும் சாவி சுவிட்சுகளும் இன்றைக்கும் சிறு விமானங்களில் இருக்கின்றன.

இரண்டு பொறி அமைப்பு வேண்டும் என்பது பிறகு அமெரிக்கச் சட்டத்திலும் ஏறியது: ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு பிளக், தனித்தனி மின்மூலத்தோடு தனித்தனிச் சுற்று. ஆகாயத்தில் எஞ்சின் நிற்கக் கூடாது என்ற ஒரே நோக்கத்தில் கட்டிய ஏற்பாடு இது. பி-லீட்டும் அந்த நோக்கத்துக்கு அடங்கியதுதான். அறுந்தால் எஞ்சின் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பறப்பவருக்கு அது பாதுகாப்பு. தரையில் முன்னால் நிற்பவருக்கு அது ஆபத்து. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், பறப்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவின் பாக்கியைத் தரையில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் கவனமாக இருந்து அடைக்க வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலை விமானத்தில் அந்தக் கவனம் பல கைகளில் பகிர்ந்திருக்கும். 1953-ல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கட்டும் விமானத்தில் அந்தக் கவனம் ஒரே ஆளின் கைக்கு வந்தது. அமெரிக்க விதிப்படி, இப்படிக் கட்டும் விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். ஆசிரியர், பல் மருத்துவர், ஓய்வு பெற்ற தபால்காரர் என்று யாரும் கராஜில் உட்கார்ந்து ரிவெட் அடிக்கலாம். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் ஒரேகானில் 1970-களில் தொடங்கிய நிறுவனத்தின் ஆர்.வி. வகை அலுமினிய விமானங்கள் மட்டுமே இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்துவிட்டன. ரெக்கையைக் கட்டுவதில் அவர்களுக்குத் தயக்கமே இருக்காது. ஒயரிங் என்று வரும்போதுதான் பலருக்கும் கை நடுங்குகிறது.

இனி அந்த ஒயரைக் கிட்டத்தில் பார்க்கலாம். டெஃப்செல் என்ற காப்பு பூசிய, வெள்ளியீயம் பூசிய செம்பு இழைகள். 150 டிகிரி செல்சியஸ் சூட்டையும் 600 வோல்ட்டையும் தாங்கும். கனம் 18-லிருந்து 22 கேஜ் வரை. அதைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய உலோக இழை வலை, அதுதான் ஷீல்டு. அதற்கு மேல் வெள்ளை நிறத்தில் இன்னோர் உறை. விமான ரேடியோ 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை வீச்சுப் பண்பேற்ற முறையில் வேலை செய்கிறது. பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் பி-லீட்டில் சில நூறு வோல்ட் துள்ளும். ஷீல்டு இல்லாவிட்டால் அந்தத் துள்ளல் முழுவதும் ஹெட்செட்டில் டக் டக் என்று விழும். எஞ்சின் வேகம் கூடினால் அந்தச் சத்தமும் வேகம் கூடும். அதை வைத்தே மேக்னெட்டோ சத்தம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

முனையைத் தயார் செய்வது ஒரு கைவேலை. வெளி உறையை ஓர் அங்குலத்துக்குச் சுற்றி வெட்ட வேண்டும்; கத்தி உள்ளே இருக்கும் வலையில் பட்டுவிடக் கூடாது. பிறகு வலையைக் கையால் பின்னுக்குத் தள்ளினால் அது தளர்ந்து உப்பும். கூர்மையில்லாத ஊசியால் பின்னலின் பக்கத்தில் இழைகளை மெல்ல விலக்கி ஒரு துளை உண்டாக்கி, உள்ளே இருக்கும் ஒயரை வளைத்து அந்தத் துளை வழியே வெளியே இழுத்துவிட வேண்டும். பாம்பு சட்டையிலிருந்து வெளிவருவதுபோல ஒயர் வந்துவிடும், காலியான வலை தட்டையான நாடாவாகத் தொங்கும். அதை முறுக்கி, லக் என்ற உலோக முனையில் போட்டு நசுக்கிக் கிரிம்ப் செய்யலாம். அல்லது வலையோடு ஒரு துண்டு ஒயரைச் சோல்டர் பண்ணி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கலாம். முதல் தடவை செய்கிறவர் மூன்று நான்கு துண்டு ஒயரைக் கெடுப்பார். கெடுக்கட்டும். வலையிலிருந்து தெறித்த ஒற்றை இழை ஒன்று மேக்னெட்டோ முனையில் போல்ட்டைத் தொட்டாலே அந்தப் பக்கம் எர்த் ஆகிவிடும். அந்த மேக்னெட்டோ ஊமையாகிவிடும்.

மேக்னெட்டோவில் இந்த ஒயர் சேரும் இடம் கண்டென்சரின் மேலே இருக்கும் சின்ன மரையாணி. நட்டைப் பலம் போட்டு இறுக்கக் கூடாது. ஆணி சேர்ந்து திரும்பினால் கண்டென்சருக்குள்ளே இருக்கும் ஒயரும் முறுக்கிக்கொள்ளும், வெளியே எதுவும் தெரியாது. ஷீல்டின் லக், மேக்னெட்டோ உடம்பில் இருக்கும் எர்த் திருகுக்குப் போகும்.

மறுமுனையில் ஷீல்டை என்ன செய்வது? கட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பேனலின் பின்னால் அலுமினிய உடம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விமான உடம்பே எர்த்தானே, சுவிட்சின் எர்த் முனையை அங்கே ஒரு திருகில் மாட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஓடவும் செய்யும். ஆனால் அப்போது மின்னோட்டம் ஒயர் வழியாகப் போய், உடம்பு வழியாகச் சுற்றி, எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் ஃபயர்வாலைக் கடந்து, எஞ்சின் எர்த் பட்டை வழியாகத் திரும்பும். போகிற வழி ஒன்று, வருகிற வழி வேறு. நடுவில் இருக்கும் இடைவெளி முழுவதும் ஓர் ஆன்டெனா. ஷீல்டை இரண்டு முனையிலும் உடம்போடு சேர்த்தால் இன்னொரு வம்பும் வரும். என்றாவது எஞ்சின் எர்த் பட்டை தளர்ந்துபோனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் திரும்பி வர வழி தேடும். கையில் கிடைப்பது இந்த மெல்லிய வலைதான். காப்பு உருகிப் புகை வரும், கூடவே பி-லீட்டும் போகும்.

சொந்த விமானம் கட்டுகிறவர்களுக்கு மின்சாரம் கற்பித்த ராபர்ட் நக்கோல்ஸ், ‘ஏரோஎலெக்ட்ரிக் கனெக்ஷன்’ என்ற புத்தகத்தில் சொல்லும் வழி நேர்த்தியானது. ஷீல்டை மேக்னெட்டோ முனையில் மட்டும் எர்த் செய். சுவிட்ச் முனையில் அதை விமான உடம்பின் எந்தப் பகுதியோடும் சேர்க்காதே. சுவிட்சின் எர்த் முனைக்கு அந்த ஷீல்டையே கொடு. சுவிட்ச் மூடினால் மின்னோட்டம் நடு ஒயரில் வந்து, சுற்றியிருக்கும் வலை வழியாகவே திரும்பிப் போகும். போன வழியிலேயே வருவதால் வெளியே சத்தம் கசியாது. விமான உடம்பின் தயவும் தேவையில்லை.

ஓர் ஒயரின் சட்டையை அதன் திரும்பும் வழியாகவும் ஆக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இதன் முழு அருமை தெரிய வேண்டுமென்றால் அலுமினியத்தை விட்டுக் கண்ணாடியிழை விமானத்துக்குப் போக வேண்டும். பர்ட் ரூட்டன் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் வடிவமைத்த லாங்-ஈஸி 1979-ல் முதலில் பறந்தது. நுரைப் பலகையைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, மேலே கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் போட்டுக் கட்டுவது. அந்த உடம்பில் மின்சாரம் ஓடாது. எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால், வாலில். சுவிட்சோ முன்னால். நடுவில் எர்த் என்று தொட ஓர் உலோகமும் கிடையாது; நீளமான பி-லீட் தன் எர்த்தைத் தானே தோளில் சுமந்துகொண்டு வந்தாக வேண்டும். போதாததற்கு, பாரத்தைக் குறைக்கப் பலர் ஸ்டார்ட்டர் வைப்பதில்லை. விமானத்தின் மூக்கைத் தரையில் குனிய வைத்து, பின்னால் நின்று கையால் புரொப்பெல்லரைச் சுழற்றிக் கிளப்புவார்கள். விமானி இருக்கையில் இல்லாமல், புரொப்பெல்லரின் பக்கத்தில் நிற்கிறார். அந்த நேரத்தில் ஆஃப் என்று காட்டும் சுவிட்ச் உண்மையிலேயே ஆஃப் தானா என்பது அவருடைய கையின் கேள்வி.

இங்கே இம்பல்ஸ் கப்ளிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது எஞ்சின் மெதுவாகச் சுழலும். அந்த வேகத்தில் மேக்னெட்டோவால் நல்ல பொறி தர முடியாது. அதனால் ஒரு மேக்னெட்டோவில், வழக்கமாக இடது பக்கத்தில், சுருள்வில் வைத்த ஓர் இயங்கமைப்பு இருக்கும். காந்தத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்து, வில் முறுக்கேறியதும் டக்கென்று விட்டுவிடும். கையால் புரொப்பெல்லரைத் திருப்பினால் எஞ்சினின் பின்பக்கமிருந்து அந்த டக் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும்போது எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் முழுப் பொறி தயார். பி-லீட் மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

இதே இம்பல்ஸ் கப்ளிங்கால் சாவி சுவிட்சின் பின்னால் இன்னொரு சின்ன வேலையும் இருக்கிறது. பலர் மாட்டும் சாவி சுவிட்சில் ஐந்து நிலைகள்: ஆஃப், வலது, இடது, இரண்டும், ஸ்டார்ட். வலது மேக்னெட்டோவில் இம்பல்ஸ் இல்லை. அதன் பொறி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்னாலேயே விழும். ஓடும் எஞ்சினுக்கு அது சரி. கிளம்பும் எஞ்சினுக்கு அது நெஞ்சில் ஓர் உதை. எஞ்சின் பின்பக்கமாகத் துள்ளும், ஸ்டார்ட்டரின் மூக்குப் பகுதியே உடைந்துபோவதுண்டு. ஆகவே ஸ்டார்ட் நிலையில் வலது மேக்னெட்டோ மட்டும் எர்த்தில் இருக்க வேண்டும். அதைச் செய்வது சுவிட்சின் பின்னால் இரண்டு முனைகளைப் பாலம் போடும் ஓர் உலோகத் துண்டு. நகத்தளவு இருக்கும். இரண்டு மேக்னெட்டோவிலும் இம்பல்ஸ் இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும், ஒன்றில் மட்டும் இருந்தால் மாட்டியே ஆக வேண்டும். அது பெட்டியின் அடியில் கிடந்து, ஏதோ உபரி என்று குப்பைக்குப் போய்விட்டால், முதல் நாள் காலையிலேயே ஸ்டார்ட்டர் போய்விடும்.

சாவி வேண்டாம் என்று இரண்டு டாகிள் சுவிட்ச் வைப்பவர்களும் நிறைய. அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. சாதாரண டாகிள் சுவிட்சின் நெம்பு மேலே போனால் உள்ளே தொடர்பு மூடும். மேக்னெட்டோவுக்கோ நெம்பு கீழே இருக்கும்போதுதான் மூட வேண்டும். ஒயரை எதிர்ப்பக்க முனையில் மாட்ட வேண்டும், அல்லது சுவிட்சையே தலைகீழாக வைக்க வேண்டும். அறிவால் புரிந்தாலும் பழகிய கை சொல்பேச்சு கேட்காது. அதனால் ஒயரிங் முடிந்த அன்றைக்கே மீட்டரை எடுத்துச் சோதிப்பது நல்லது. பி-லீட்டை மேக்னெட்டோவிலிருந்து கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மாட்டியபடியே அளந்தால் பிரைமரியின் மின்தடை ஓர் ஓம் அளவுக்குள்தான் இருக்கும், மீட்டர் எப்போதுமே எர்த் என்றுதான் சொல்லும். கழற்றியபின் சாவி ஆஃபில் இருக்கையில் இரண்டு ஒயரும் பீப் என்று ஒலிக்க வேண்டும். சாவியை இடது என்று வைத்தால் வலது ஒயர் ஒலிக்க வேண்டும், இடது மௌனமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் எவ்வளவு தெளிவானவரும் ஒரு நிமிடம் தாளை எடுத்து எழுதிப் பார்த்துக்கொள்கிறார்.

ஃபயர்வாலின் ஓட்டையில் ரப்பர் குரோமெட்டும் தீ தாங்கும் பசையும். அதைத் தாண்டி எஞ்சின் பக்கம் ஒயரைத் தொய்வாக விட வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளில் உட்கார்ந்திருப்பதால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஆடும். இழுத்துக் கட்டிய ஒயர் அந்த ஆட்டத்தில் இழை இழையாக அறும், லக்குக்குப் பக்கத்தில், ஸ்லீவுக்குள்ளே, கண்ணுக்குப் படாமல்.

அறுந்தபின் என்ன நடக்கும் என்பதுதான் இந்த ஒயரின் வாழ்க்கையில் மிகவும் கவலைக்குரிய பகுதி. ஒன்றும் நடக்காது. விமான எஞ்சினைப் பெரும்பாலும் சுவிட்சால் நிறுத்துவதில்லை. மிக்ஸ்சர் நெம்பை இழுத்துப் பெட்ரோலை நிறுத்தித்தான் அணைக்கிறார்கள். சிலிண்டர்களுக்குள் எரிபொருள் தங்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல பழக்கம் அது. ஆனால் அதனாலேயே அறுந்த பி-லீட் நாள்கணக்கில் ஒளிந்திருக்க முடிகிறது. எஞ்சின் நின்றது, சாவி ஆஃபுக்குத் திரும்பியது, எல்லாம் சரியாகவே தெரியும். புரொப்பெல்லர் மட்டும் விழித்திருக்கும்.

பறக்கும் முன் செய்யும் சோதனையில் ஒரு தடயம் கிடைக்கும். எஞ்சினை 1,700, 1,800 சுற்றுக்கு ஏற்றி, ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட விட்டுப் பார்ப்பார்கள். வேகம் சற்று இறங்க வேண்டும். லைகமிங் கொடுத்திருக்கும் வரம்பு 175 சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது என்பது. அதிகம் இறங்கினால் எல்லோரும் பயப்படுகிறார்கள். கொஞ்சம்கூட இறங்கவில்லை என்றால்? புதியவர் சந்தோஷப்படுவார். அனுபவஸ்தர் அப்போதுதான் எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றுவார். இறங்காததற்கு அர்த்தம், அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோ அணையவே இல்லை.

ஒயர் நன்றாக இருந்து சுவிட்ச் தேய்ந்தாலும் இதே கதிதான். 1976-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெண்டிக்ஸ் சாவி சுவிட்சுகள் சிலவற்றுக்கு, 100 மணி நேரத்துக்கு ஒரு முறை சோதிக்கும்படி ஆணையிட்டது. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது சாவியை ஆஃபுக்கும் அப்பால், போகிற கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் பொறி விழுந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அதே வகைச் சுவிட்சை மாட்டியவரும் அதைச் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இப்போது மேக்னெட்டோவின் இடத்துக்கு மின்னணுப் பொறி அமைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பாயிண்ட் இல்லை, இம்பல்ஸ் கப்ளிங் இல்லை, டக் சத்தமும் இல்லை. ஆனால் சொந்த விமானக்காரர்கள் விரும்பி வாங்கும் பி-மேக் என்ற கருவியைப் பாருங்கள். தனக்குள்ளேயே ஒரு சிறு மின்னாக்கியை வைத்திருக்கிறது, பேட்டரி போனாலும் ஓடும். அதை அணைக்க என்ன வழி? ஒரு முனையை எர்த் செய்ய வேண்டும். ரோட்டக்ஸ் 912 எஞ்சினின் இரட்டைப் பொறி அமைப்பும் எர்த் செய்தால்தான் அடங்கும். மேக்னெட்டோ போனாலும் அதை அணைத்த ஒயர் பழைய வேலையிலேயே தொடர்கிறது.

மாலை. விமானம் பறந்து இறங்கி ஹேங்கர் வாசலுக்கு வந்து நிற்கிறது. எஞ்சின் குறைந்த வேகத்தில் முணுமுணுக்கிறது. கட்டியவர் மிக்ஸ்சரில் கை வைக்கவில்லை. சாவியை ஆஃபுக்குத் திருப்புகிறார், ஒரு கணம். சத்தம் சட்டென்று விழுகிறது. மங்கலாகச் சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லரின் இலைகள் இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. முழுதாக நிற்பதற்குள் சாவி மறுபடி ‘இரண்டும்’ நிலைக்கு வருகிறது, எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. பிறகு மிக்ஸ்சரை இழுக்கிறார். நின்றதும் சாவியை உருவுகிறார். இறங்கி முன்பக்கமாகப் போகும்போது, புரொப்பெல்லர் சுழலும் வட்டத்தைத் தொடாமல் தள்ளியே நடக்கிறார்.